மாடியில் சொன்ன சாட்சி

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதற்குள் ஒரு மரத்துண்டு. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஒரு முனை தடித்து, மறு முனை சரிந்து மெலிந்திருந்தது. பக்கவாட்டில் பென்சிலால் எழுதிய ஓர் எண்.

கான்பரன்ஸ் ஹாலில் ஏ.சி.யை அளவுக்கு மேல் வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரகடம் வெயிலில் கன்டெய்னர் லாரி ஒன்று ரிவர்ஸில் வரும்போது போடுகிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. விசாரணை அதிகாரியாக உட்கார்ந்திருந்தவர் காஞ்சிபுரத்து வக்கீல், கம்பெனி வரவழைத்த வெளி ஆள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கவரை என் பக்கம் தள்ளினார்.

"மிஸ்டர் ஜெபராஜ், இந்தக் கட்டைய இதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

எனக்கு எதிர் நாற்காலியில் ஏழுமலை. என் ஷிப்டில் பிரஸ் ஆபரேட்டர். இடது கையை மடியில் வைத்து அதன் மேல் வலது கையை மூடினாற்போல வைத்திருந்தார்.

பார்த்ததில்லை என்று சொன்னால் ஏழுமலைக்கு வேலை போகும். பார்த்திருக்கிறேன் என்றால் எனக்குப் போகும். விஷயம் அவ்வளவுதான்.

பதிலைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வழக்கம் தெரியும், நான் நேர் ரோட்டில் போகிற ஆளில்லை. போன இதழில் எங்கள் சபையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத் திருவள்ளூரிலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருந்தார். "ஊரையெல்லாம் நீர் திருத்தியதாகவே எழுதுகிறீரே, உம்மை யாரும் திருத்தவில்லையா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்த வாரம் அவருக்காகத்தான்.

மூன்று நிமிஷம்

எங்கள் சபை, சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் கூடியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே கடையிலிருந்து ஏறி வரும் பெயின்ட் வாடை, நாலு மின்விசிறி. அதில் ஒன்று சுற்றாது. ஞாயிறு ஆராதனை மாலை மூன்றரைக்கு. காலையில் வைத்தால் பாதிப் பேர் வேலையில் இருப்பார்கள், மீதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள்.

வருகிறவர்கள் எல்லாம் தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள். ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடே வந்து உட்காருவார்கள். ஐந்தாறு நிறச் சட்டை தெரியும். அதைப் பார்த்தே எந்தக் கம்பெனியில் அன்று ஓ.டி. இல்லை என்று சொல்லிவிடலாம்.

பழக்கமில்லாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் கூட்டங்களில் 'சாட்சி' என்றால் கோர்ட்டில் கூண்டேறிச் சொல்கிற சாட்சி அல்ல. கடவுள் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வது. சொல்லி முடித்ததும் சபையார் "ஸ்தோத்திரம்" என்பார்கள். தொலைந்த ஐ.டி. கார்டு கம்பெனி பஸ்ஸிலேயே கிடைத்தது ஒரு சாட்சி. பெர்மனென்ட் ஆனது ஒரு சாட்சி. மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்த ஓர் அம்மாள் தன் பித்தப்பைக் கல்லைப் பற்றி இருபது நிமிஷம் சாட்சி சொன்னார்கள். கல்லின் நிறம் வரைக்கும் எங்களுக்குத் தெரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகுதான் சபைச் செயலாளராகிய நான் மூன்று நிமிஷம் என்று சட்டம் போட்டேன். கையில் வாட்சோடு ஓரமாக நிற்பேன். நேரம் ஆனதும் பெஞ்சில் இரண்டு தட்டு. அந்தத் தட்டில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தப்பில்லை.

அந்தச் சுகம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்க் கோயிலில் (சர்ச்சை நாங்கள் கோயில் என்போம்) கமிட்டித் தேர்தல் என்றால் இரண்டு கட்சி, இரண்டு ஜீப். ஒரு கிறிஸ்துமஸுக்கு இரண்டு கட்சியும் தனித்தனியே பஜனை போய், ஒரே வீட்டு வாசலில் எதிர் எதிரே நின்று வெவ்வேறு பாட்டைப் பாடின. வீட்டுக்காரர் பயந்து விளக்கை அணைத்துவிட்டார். தலைவர் என்றால் முன் பெஞ்சில் உட்காருகிறவர், அவர் எழுந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்த வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். கம்பெனியில் முன் பெஞ்சுக்குப் பதில் கை வைத்த நாற்காலி கொடுத்தார்கள். மற்றபடி எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆப்பு

நான் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தது காருக்கு வேண்டிய தகட்டுச் சாமான்களை அடிக்கிற கம்பெனி. பவர் பிரஸ்ஸில் தகட்டை வைத்து, வலது பட்டன் ஒன்று, இடது பட்டன் ஒன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது. அதற்காகத்தான் இரண்டு பட்டன்.

அதே காரணத்தால் வேலை மெதுவாகவும் நடக்கும்.

இடது பட்டனை அழுத்தி அதன் சந்தில் ஒரு சிறு மரத்துண்டைச் செருகிவிட்டால் அது அழுந்தியே இருக்கும். வலது கை மட்டும் பட்டனை அடித்துக்கொண்டிருக்க, இடது கை அடுத்த தகட்டை எடுத்து வைத்துவிடும். இந்தத் துண்டுக்கு எங்கள் ஷாப்பில் பெயர் ஆப்பு. பட்டனுக்கு ஆப்பு வைப்பது என்று சொல்லிச் சிரிப்பார்கள். யாருக்கு வைக்கிறோம் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பழைய ஷிப்ட்களில் ஆளாளுக்குத் துணியையும் அட்டையையும் மடித்துச் செருகுவார்கள். அது அடிக்கடி நழுவும். நான் வந்து அதை ஒழுங்கு செய்தேன். வெளிநாட்டிலிருந்து மிஷின் வந்த பெட்டியின் பைன் கட்டையை எடுத்து, அறுத்து, சீவி, பட்டனுக்குச் சரியாகப் பொருந்தும்படி ஒன்பது ஆப்பு நானே செய்தேன். ஒவ்வொன்றிலும் பிரஸ்ஸின் எண்ணைப் பென்சிலால் எழுதினேன். ஏழு என்ற எண்ணின் நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவது என் பழக்கம், பாலிடெக்னிக்கில் படிந்தது. கை முழுக்க அந்தக் கட்டையின் வாசனை இரண்டு நாள் இருந்தது. நல்ல வாசனைதான்.

என் ஷிப்டின் எண்ணிக்கை ஏறியது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஜெபராஜ் ஷிப்ட்டுல மட்டும் எப்படிப்பா நம்பர் வருது? ஜெபம் பண்றீங்களா?" ஆப்பைப் பற்றி அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடந்து போகவும் தெரியும்.

சிறந்த ஷிப்ட் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் நான் அதைச் சாட்சியாகச் சொன்னேன். எளியவனான என்னைக் கர்த்தர் உயர்த்தினார் என்று ஆரம்பித்து, மூன்று நிமிஷத்துக்கும் மேலே போனேன். என்னைத் தட்டி உட்கார வைக்க ஆள் இல்லை.

அன்று என் மகளுக்குப் பிறந்தநாள் என்பதால் ஷிப்ட் ஆட்களில் சிலரையும் ஆராதனைக்குக் கூப்பிட்டிருந்தேன். ஏழுமலை வந்திருந்தார். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம், நெற்றியில் திருநீறு மாறாது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்து படிக்கட்டில் கேசரி சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்தார்.

"ஷோக்கா பேசுனீங்க சார். ஆனா ஒண்ணு. ஆப்ப பத்தி ஒரு வார்த்த சொல்லலியே?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கேசரி நன்றாக இருப்பதாகச் சொல்லி இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

கையெழுத்து

சில மாதங்கள் கழித்து ஒரு காலை ஷிப்டில், பத்து மணி டீ முடிந்து ஆட்கள் திரும்பிய கொஞ்ச நேரத்தில், ஏழாம் நம்பர் பிரஸ் நின்றது. சத்தத்தால் அல்ல, சத்தம் இல்லாததால்தான் திரும்பிப் பார்த்தேன். ஏழுமலை இடது கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டிருந்தன. அவர் கத்தவில்லை. "சார், மிஷின ஆஃப் பண்ணுங்க" என்றுதான் சொன்னார்.

தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நான் திரும்பி வருவதற்குள் எட்டு ஆப்புகள் காணாமல் போயிருந்தன. ஒன்பதாவதை, ஏழாம் நம்பரில் இருந்ததை, பெர்சனல் ஆபீசர் எடுத்துக் கவரில் போட்டுவிட்டார்.

ஏழுமலை கட்டோடு திரும்பி வந்தபோது அவருக்குக் குற்றப்பத்திரிகை காத்திருந்தது. பாதுகாப்பு ஏற்பாட்டை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்தார் என்பது குற்றம். நிரூபணமானால் வேலை நீக்கம். அவர் குடும்பத்து நிலம் முன்பே தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. இரண்டு விரல் இல்லாத ஆபரேட்டரை அந்தச் சாலையில் வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காது. அவருக்கு இருந்தது இந்த வேலை ஒன்றுதான்.

பெர்சனல் ஆபீசர் எனக்காக ஒரு வாக்குமூலம் டைப் செய்து வைத்திருந்தார். மரத்துண்டு பயன்படுத்தக் கூடாது என்று நான் பலமுறை எச்சரித்ததாகவும், ஏழுமலை கேட்கவில்லை என்றும், அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது என்றும் அதில் இருந்தது.

"சார், உங்களுக்கு அசிஸ்டென்ட் மேனேஜர் லெட்டர் ரெடியாகுது. இப்ப இது ஒரு ஃபார்மாலிட்டி" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். பேனா அவருடையது. இன்னும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: கையெழுத்து அழகாகவே விழுந்தது.

ஸ்தோத்திரம்

உறுத்தல் பிறகு வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் வந்தது. வாட்சோடு ஓரமாக நிற்கும்போது வந்தது. இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது ஞாயிறு, சாட்சி நேரத்தில், வாட்சை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நான் எழுந்து நின்றேன்.

ஒரு சகோதரனுக்கு விரோதமாகப் பொய் எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னேன். அவனுக்கு வந்த காயத்தில் என் பங்கு இருக்கிறது என்றேன். பெயர் சொல்லவில்லை, கம்பெனி சொல்லவில்லை. அழுதுவிட்டேன். சபையில் சில பெண் பிள்ளைகளும் அழுதார்கள். "ஸ்தோத்திரம்" என்ற சத்தம் அன்று வழக்கத்தைவிடப் பெரிதாக எழுந்தது. போதகர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. கீழே இறங்கி டீக்கடையில் இரண்டு மசால் வடை சாப்பிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வாடகை வீட்டுக்கு பைக்கில் திரும்பினோம். பின்னால் என் மனைவி எஸ்தர்.  டோல்கேட் தாண்டியதும் என் தோளில் தட்டினாள்.

"ஏங்க, அந்த ஏழுமலை அண்ணனுக்கு வேல திரும்பக் கெடச்சிருமா?"

"எப்படிக் கெடைக்கும்? வியாழக்கிழமதான விசாரணை."

"அப்போ இன்னைக்கி நீங்க யாருக்குச் சொன்னீய?"

 லாரி ஒன்று கடந்து போகட்டும் என்று காத்திருந்தவள் போல, அது போனதும் சொன்னாள்:

"கம்பெனியில சொல்ல வேண்டியத கோயில்ல சொல்லிட்டு வந்திருக்கீய. எடம் மாறிப் போச்சி, அவ்வளவுதான்."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அழுது முடித்த மனிதனிடம் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் அவளோடு பேசாமல் இருந்தேன். திங்கள்கிழமையும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் கோபத்துக்கான காரணங்கள் எல்லாம் தீர்ந்துபோய்விட்டன. அவள் சொன்னது மட்டும் மீந்திருந்தது.

எங்கள் ஜனங்களுக்கே உரிய தப்பு இது என்று இப்போது தோன்றுகிறது. கடவுளிடம் சொல்லிவிட்டால் மனிதனிடம் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறோம். கடவுளிடம் சொல்வதற்கு யாரும் மெமோ கொடுக்கமாட்டார்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகும் வியாழக்கிழமை காலை நான் எந்த முடிவோடும் போகவில்லை. வேலை போனால் வீட்டு வாடகை, மகளின் பள்ளிக்கூடம் என்று யோசித்துக்கொண்டே போனேன். துணிச்சல்காரன் என்று யாரும் என்னைப் பற்றி நினைத்துவிட வேண்டாம்.

நேராக ஒரு கேள்வி

ஆக, மேஜை மேல் கவர். கவருக்குள் கட்டை. கட்டையில் நடுக்கோடு போட்ட ஏழு.

வக்கீலின் பின்னால் சுவரில் எங்கள் ஷாப்பின் உற்பத்திப் பலகை மாட்டியிருந்தது. அதில் என் கையால் எழுதிய ஏழுகள் ஐந்தாறு இருந்தன. எல்லாவற்றிலும் நடுக்கோடு. தலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். யாரும் பார்க்கவில்லை.

"சொல்லுங்க" என்றார் வக்கீல்.

"என் ஸ்டேட்மென்ட்ல இருக்கறதுதான் சார்" என்றேன்.

கிடைத்த சந்தர்ப்பத்தில் முதலில் நான் சொன்னது இதுதான். இதை எழுதாமல் விட்டால் இந்த அத்தியாயத்தையே எழுதியிருக்க வேண்டாம். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

வக்கீல் ஏழுமலையைப் பார்த்தார். "கம்பெனி சாட்சிய நீங்க குறுக்கு விசாரணை பண்ணலாம். பண்றீங்களா?"

ஏழுமலை எழுந்து நின்றார்.

"குறுக்கால எல்லாம் ஒண்ணும் கேக்க தெரியாது சார். நேராவே ஒண்ணு கேக்கறேன்."

"கேளுங்க."

என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்கிற முகம்.

"ஜெபராஜ் சார், அன்னிக்கி பாப்பா பர்த்டேக்கு மாடிக்கு கூப்ட்டீங்களே, அப்ப நீங்க எய்ந்து பேசனதும் சாட்சின்னுதான் சொன்னாங்க. இங்கயும் உங்கள சாட்சின்னுதான் கூப்புடறாங்க. ரெண்டும் ஒண்ணா, இல்ல வேற வேறயா?"

பெர்சனல் ஆபீசர் குறுக்கிட்டார். "சார், இது இர்ரெலவன்ட்."

வக்கீலும் தலையசைத்தார். "இந்தக் கேள்விக்கு நீங்க பதில் சொல்லணும்னு அவசியமில்ல, மிஸ்டர் ஜெபராஜ்."

அவசியமில்லை என்று சட்டமே சொல்லிவிட்டது. ஏழுமலை உட்காரவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார். வெளியே அந்த லாரியின் சத்தம் நின்றிருந்தது.

"ஒண்ணுதான் ஏழுமலை" என்றேன்.

கவரை எடுத்தேன். "சார், இத நான் பாத்திருக்கேன். இத வெட்டுனதே நான்தான். மொத்தம் ஒம்பது வெட்டுனேன். நம்பர் எழுதுனதும் நான்தான். இத வச்சு ஓட்டச் சொன்னதும் நான்தான். எச்சரிக்கை எல்லாம் பண்ணல. அந்த ஸ்டேட்மென்ட் பொய்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "மேனேஜர் சொல்லித்தான் செஞ்சீங்களா?"

மேனேஜர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஆம் என்று சொன்னால் பாதிச் சுமை அவர் மேல் போகும். ஒருவகையில் அது உண்மையும்கூட.

"நம்பர் வேணும்னு அவர் சொன்னார். கட்டைய வெட்டச் சொல்லல. அது என் மூளை."

மேனேஜர் தன் செல்போனை எடுத்து, ஒன்றும் வராத திரையைப் பார்த்தார்.

டீக்கடை

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏழுமலை மேல் இருந்த குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். அடித்த சாமான்களை அளந்து பார்க்கிற வேலையில் அவரைப் போட்டார்கள். பட்டன்களைக் கழற்றிவிட்டு, கட்டை செருகினால் மிஷினே ஓடாத மாதிரி வேறு வகை வைத்தார்கள். என் லெட்டர் வரவில்லை. மெமோ வந்தது. ஸ்டோருக்கு மாற்றினார்கள், அடுத்த வருஷம் நானே விலகிக்கொண்டேன். சபைச் செயலாளர் பொறுப்பை அதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். நடந்ததை மாடியில் சாட்சியாகச் சொல்லும்படி போதகர் இரண்டு முறை கேட்டார். நான் சொல்லவில்லை.

அன்று விசாரணை முடிந்ததும் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஏழுமலை நின்றிருந்தார். எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னார். இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்திருந்தார்.

"ஏழுமலை, அந்த ஏழு என் எழுத்துன்னு உங்களுக்குத் தெரியும்லா? போர்ட்லயே இருந்துச்சே. நீங்க காட்டியிருக்கலாமே."

"தெரியும் சார். மொத நாள்லர்ந்தே தெரியும்." ஒரு மிடறு குடித்தார். "நா காட்னா அது கம்ப்ளெய்ன்ட்டு. நீங்க சொன்னாதான சார் சாட்சி."

 "என்னய மன்னிச்சிருங்க ஏழுமலை" என்றேன். இந்த முறை கண்ணீர் வரவில்லை. அதுவும் எனக்குக் குறையாகத்தான் இருந்தது.



"டைம் ஆச்சி சார், வூட்ல பாத்துக்கினு இருப்பாங்க. இத்த கொஞ்சம் புடிங்க" என்று ஏழுமலை பாதி டீயோடு தன் டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு பைக்கில் ஏறி உட்கார்ந்தார். கிளட்ச் இடது கையில். மீதி இருந்த இரண்டு விரலால் அதை இழுத்துப் பிடித்தார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி உதைத்தார், மறுபடி அணைந்தது. தள்ளட்டுமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் நின்றேன்.

மூன்றாவது தடவை வண்டி நகர்ந்தது. ஒரகடம் கூட்டுரோடு பக்கம் அது திரும்பி மறைகிறவரைக்கும், கைக்கு ஒரு டீயாக நான் அங்கேயே நின்றிருந்தேன்.